பதினேழாம் மேஜைக்குப் பல்வலி

வட்டத் தகடு வாரியத்தின் கட்டடமும் வட்டமாகத்தான் இருக்கும். கட்டியவர்களுக்குத் தொழில்மீது அவ்வளவு பக்தி. வட்டக் கட்டடத்தில் மூலை கிடையாது. ஆகவே குப்பைக்கூடையை எங்கே வைப்பது என்று முடிவாகாமல், இருபது வருடமாக அது தாழ்வாரத்தில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. காலையில் ஒரு பிரிவுக்காரர் அடுத்த பிரிவின் பக்கம் காலால் தள்ளுவார், அவர் அதற்கடுத்த பிரிவுக்குத் தள்ளுவார், சாயங்காலத்துக்குள் கூடை ஒரு சுற்று வந்துவிடும். மற்றபடி வாரியம் ரொம்ப ஒழுங்கான இடம்.

வாரியத்தின் வேலை என்ன என்று கேட்பீர்கள். விளிம்பைச் சுற்றிலும் இறுக்கி மாட்டிய ஒரு வட்டத் தகட்டைத் தண்ணீரோ நீராவியோ ஒரு பக்கமிருந்து அழுத்தினால், தகடு நடுவில் துளி புடைக்கும். புடைக்கும்போது, வளைத்துப் பிடித்த ஸ்கேல் மாதிரி, தனக்குள் கொஞ்சம் சக்தியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதற்குத் திரிபு ஆற்றல் என்று பெயர். அது எவ்வளவு என்று வாரியம் கணக்குப் போடும். பத்தாயிரம் மில்லி ஜூலுக்குள் இருந்தால் முத்திரை குத்திச் சான்றிதழ் தரும். முத்திரை இல்லாத மூடியை எங்காவது மாட்டினால் மாட்டியவருக்கு ஆறு மாதம் ஜெயில்.

அந்த முத்திரைக்காகத்தான் ஒரு திங்கட்கிழமை காலையில் தண்ணிக்காரர் வாரியத்தின் வாசலில் வந்து நின்றார். மேட்டில் நிற்கும் இரும்புத் தண்ணீர்த் தொட்டிக்கு அவர்தான் பம்பு ஆபரேட்டர். அவருக்கு வேறு பெயர் உண்டு, ஆனால் அது கரண்ட் பில்லில் மட்டும்தான் இருந்தது. தொட்டி நாலு மாடி உயரம். அடியில், ஆள் உள்ளே நுழைந்து கழுவுவதற்கு இரண்டடி அகலத்தில் ஒரு வட்ட வாசல். அதன் மூடி துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. தொட்டியைக் காலி செய்தாயிற்று. இருநூறு வீட்டுக் குழாய்களில் இப்போது காற்றுதான் வருகிறது.

புது மூடி செய்ததில் தாமதமில்லை. அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, லேத் பட்டறை வைத்திருக்கிறார். பன்னிரண்டு மில்லிமீட்டர் கனத்தில், முப்பத்தாறு போல்ட்டு ஓட்டைகளோடு, கண்ணாடி மாதிரி ஒரு தகடு வெட்டிக் கொடுத்தார். ஒன்றல்ல, அச்சு அசலாக இரண்டு.

"எதுக்குடா ரெண்டு?"

"ஒண்ணு வாரியத்துக்குப் போகுதுல்ல மாமா. போனது திரும்பி வரும்னு என்ன நிச்சயம்?"

இதெல்லாம் இருநூறு வீட்டுப் பிரச்சினை என்றால் தண்ணிக்காரர் இவ்வளவு பதறியிருக்க மாட்டார். திட்டு வாங்குவது அந்த உத்தியோகத்தில் சேர்ந்ததுதான். ஆனால் போன வாரம் அவருடைய மகளுக்கு எட்டாம் மாதத்திலேயே ஆண் குழந்தை பிறந்திருந்தது. ஒன்றே முக்கால் கிலோ. புருஷன் கப்பல் வேலையில் கடலில் இருந்தான். பிள்ளைக்கு ஆபத்து ஒன்றுமில்லை, எடை ஏறினால் போதும் என்றார்கள். ஆனால் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் கறாரான அம்மாள்.

"பத்து நாள்ல ரெண்டு கிலோவைத் தொட்டுடுவான். ஆனா உங்க வீட்டுக் குழாய்ல தண்ணி வரணும். லாரித் தண்ணி, பிடிச்சு வச்ச தண்ணின்னு சொன்னீங்கன்னா அனுப்ப மாட்டேன். குறைமாசப் பிள்ளை. நானே வந்து குழாயைத் திறந்து பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."

இரவெல்லாம் மகள் ஆஸ்பத்திரியில், மனைவி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைச்சல். "ஊருக்கெல்லாம் தண்ணி விடற மனுஷன், சொந்தப் பேரனுக்கு ஒரு வாளி தண்ணி இல்லையா?" என்று மனைவி ஒரு தடவைதான் கேட்டாள். அந்த ஒரு தடவையே அவருக்குப் போதுமாக இருந்தது. பத்து நாள். தகட்டை ஒரு தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வாரியத்தில் வரிசை, கட்டடத்தைச் சுற்றி நின்றது. தண்ணிக்காரர் கடைசி ஆளைத் தேடிக்கொண்டு நடந்தார். நடந்து, நடந்து, தள்ளுவண்டியை விட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்.

"கடைசி ஆள் யாருங்க?" என்று காவலாளியைக் கேட்டார்.

"அப்படி யாரும் கிடையாது. எல்லாருமே யாரோ ஒருத்தருக்குப் பின்னாலதான் நிக்கிறாங்க. இங்க யாருக்கும் முன்னுரிமை இல்ல பாருங்க. எங்கயாவது சொருகிக்குங்க. வரிசை சுத்திக்கிட்டே இருக்கும். நீங்க ஜன்னலுக்கு நேரா வர்ற நேரமும், உள்ள இருக்கறவர் தலை நிமிர்ற நேரமும் ஒண்ணா அமைஞ்சுதுன்னா உங்க வேலை முடிஞ்சுது."

"அமையலன்னா?"

"இன்னொரு சுத்து. நடைப்பயிற்சின்னு நினைச்சுக்குங்க. இந்தா நிக்கிறாரே, வந்தப்ப இவருக்குச் சர்க்கரை இருந்துச்சு. இப்ப இல்ல."

நாலாவது சுற்றில் அதிர்ஷ்டம் அடித்தது. தண்ணிக்காரர் ஜன்னலுக்கு நேரே வரும்போது எழுத்தர் தும்மினார். தும்மி நிமிர்ந்தவர் கண்ணில் இவர் பட்டுவிட்டார். விண்ணப்பம் உள்ளே போயிற்று. அதற்குள் இரண்டு நாள் கழிந்திருந்தது.

அடுத்தது விளிம்பு உறுதிப் பிரிவு. தகட்டின் விளிம்பு உண்மையிலேயே இறுக்கப்பட்டதா என்று அங்கே விசாரிப்பார்கள். அதிகாரி நல்ல உயரம், மடிப்புக் கலையாத சட்டை.

"விளிம்பு மேல கீழ அசையுமா?"

"அசையாது சார். முப்பத்தாறு போல்ட்டு."

"அசையாட்டிப் போதுமா? இருந்த இடத்துலயே கொஞ்சம் சாஞ்சு கொடுக்குமா?"

"சாயாது சார்."

"எவ்வளவு அழுத்தினாலும்?"

"எவ்வளவு அழுத்தினாலும் சார்."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அதுதான்யா விளிம்பு! இருபது வருஷமா நான் இந்த நாற்காலியில இருக்கேன். அசைஞ்சதும் இல்ல, யார் பக்கமும் சாஞ்சு கொடுத்ததும் இல்ல. எத்தனை பேர் வந்து கெஞ்சியிருக்காங்க, அழுதிருக்காங்க. அழுத்தம் எல்லாம் நடுவுல இருக்கறவங்களுக்குத்தான். அவங்க புடைச்சுக்குவாங்க. விளிம்புக்கு ஒண்ணும் ஆகாது."

தகடு சத்தியம் செய்ய முடியாது என்பதால் அதன் சார்பில் ஒரு காப்பாளர் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். படிவத்தில் 'தகட்டுக்கு நீர் என்ன உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. தண்ணிக்காரர் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு 'மச்சான் செய்தது' என்று எழுதினார்.

அதிகாரி படித்துவிட்டு அதை அடித்தார். "மச்சான் பிள்ளைன்னா மருமகன் முறை. இதுகூடத் தெரியாம விண்ணப்பம் போட வந்துட்டீங்க." தகடு மருமகனாயிற்று.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னபோது மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"அவர் சொன்னது தப்புப்பா. இறுக்கின தகட்டுல நடுவை விட விளிம்புலதான் வலி ஜாஸ்தி. வளையறப்ப அங்கதான் முதல்ல விரிசல் விடும்."

"அது அவருக்குத் தெரியாதா?"

"தெரியாம இருக்கறதே நல்லது. தெரிஞ்சா லீவு போட்டுடுவார். அப்புறம் உங்க மருமகன் கதி என்ன ஆகறது?"

நாலாம் நாள் தகடு கணக்கு மண்டபத்துக்குப் போயிற்று. போய்ப் பார்த்த தண்ணிக்காரர் வாயைப் பிளந்தார். பெரிய வட்ட மண்டபம். நடுவில் ஒரு சுழலும் இரும்பு மேடை, அதன்மேல் அவருடைய தகடு. தகட்டின்மீது சுண்ணாம்பால் கோடு போட்டு, நடுவிலிருந்து விளிம்புவரை முப்பத்தாறு துண்டாகப் பிரித்திருந்தார்கள். சுற்றிலும் முப்பத்தாறு மேஜை. துண்டுக்கு ஒரு மேஜை, மேஜைக்கு ஒரு கணக்காளர், ஆளுக்குப் பத்து டிகிரி அதிகாரம். தன் துண்டின் ஆற்றலைக் கணக்கிட்டு, பதிவேட்டில் எழுதி, தகட்டில் அந்தத் துண்டின்மேல் பச்சை முத்திரை குத்துவது அவர் பொறுப்பு. அடுத்தவர் துண்டைத் தொட்டால் விளக்கம் கேட்டு ஓலை வரும்.

வாரியத் தலைவர் அப்போது மேற்பார்வைக்கு வந்திருந்தார். குள்ளமான, குரல் மட்டும் பெரிய மனிதர். தண்ணிக்காரர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டார்.

"ஐயா, தகடு வட்டம். தண்ணி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் அழுத்துது. எல்லாத் துண்டும் ஒண்ணுதானே? ஒரு துண்டுக்குப் போட்டு முப்பத்தாறால பெருக்கினா..."

தலைவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "பெருக்கினா? பெருக்கினா மிச்சம் முப்பத்தஞ்சு பேர் எங்க போவாங்க? அவங்களுக்குக் குடும்பம் குட்டி இல்லையா? எல்லாத் துண்டும் ஒண்ணுன்னு நீங்க வாயால சொல்றீங்க. முப்பத்தாறு பேர் தனித்தனியா உக்காந்து, சுயமாச் சிந்திச்சு, ஒரே விடையைச் சொன்னாத்தான்யா அது உண்மை. அதுக்குப் பேருதான் நிர்வாகம்."

வேலை ஆரம்பித்தது. சொல்லக்கூடாது, அபார வேகம். ஒவ்வொருவரும் இடது பக்கம் லேசாகத் திரும்பி யோசிப்பார், விட்டத்தைப் பார்ப்பார், விறுவிறுவென்று எழுதுவார், எழுந்து போய் முத்திரை குத்துவார். எல்லோரும் எழுதியது இருநூற்றைம்பது. மத்தியானத்துக்குள் பதினாறு துண்டு பச்சையாகிவிட்டது. தண்ணிக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நாளைக்கே மூடியை மாட்டிவிடலாம் என்று போல்ட்டுகளைக்கூட மனதில் எண்ண ஆரம்பித்துவிட்டார்.

பதினேழாம் மேஜை காலியாக இருந்தது. நாற்காலியின் முதுகில் ஒரு கோட்டு மட்டும் தொங்கியது.

"பதினேழுக்குப் பல்வலி. லீவு," என்றார்கள்.

"எத்தனை நாள்?"

"பல்லுக்கு எத்தனை நாள் வலிக்குமோ அத்தனை நாள்."

பதினெட்டாம் மேஜைக்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டார். பத்தொன்பது செய்தித்தாளை விரித்தார். முப்பத்தாறு வரை அப்படியே ஓய்ந்தது. பதினேழு வராமல் பதினெட்டு எழுத முடியாதாம். ஏன் என்று கேட்டதற்கு 'வரிசைமுறை' என்றார்கள். வெள்ளியும் சனியும் அப்படியே போயின. ஞாயிறு விடுமுறை.

பேரன் மட்டும் வேலையை நிறுத்தவில்லை. தினமும் முப்பது, நாற்பது கிராம் என்று ஏறிக்கொண்டிருந்தான். "இந்த வேகத்துல போனா வியாழக்கிழமை ரெண்டு கிலோ," என்று நர்ஸ் சொன்னபோது தண்ணிக்காரர் சந்தோஷப்படுவதா, 'மெதுவாடா ராஜா' என்று கெஞ்சுவதா என்று தெரியாமல் முழித்தார்.

அவர் முகத்தைப் பார்த்து மகளுக்கே பொறுக்கவில்லை. "இங்க கொடுங்கப்பா. அகலம் எவ்வளவு, கனம் எவ்வளவு, தொட்டி உயரம் எவ்வளவு?" பிள்ளையின் காய்ச்சல் குறிக்கும் அட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டு பென்சிலால் நாலு வரி போட்டாள். பிள்ளை ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் விடை வந்துவிட்டது.

"நாலாயிரத்து இருநூத்தி நாப்பது மில்லி ஜூல். மொத்தத் தகட்டுக்கும். ஒரு துண்டுக்கு நூத்திப் பதினெட்டு."

"இவ்வளவுதானா? அது பெரிய சக்தியா?"

"ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலைத் தரையிலேர்ந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கறீங்கல்ல? அவ்வளவுதான்."

முழங்கால் உயரத்துக்கு ஒரு பாட்டிலைத் தூக்க முப்பத்தாறு பேர் நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பதை நினைத்துத் தண்ணிக்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. கூடவே ஒரு சந்தேகம். அங்கே இருநூற்றைம்பது என்று எழுதுகிறார்களே, மகள் நூற்றுப் பதினெட்டு என்கிறாள். படித்த பெண்தான், ஆனாலும் பிரசவ அலுப்பு. நேரே மச்சான் பட்டறைக்குப் போனார்.

இரண்டாவது தகட்டை ஒரு கெட்டியான இரும்பு உருளையின் வாயில் வைத்து முப்பத்தாறு போல்ட்டையும் முறுக்கினார்கள். உருளை நிறையத் தண்ணீர் விட்டு, கைப்பம்பால் தொட்டியில் இருக்கும் அழுத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். தகடு புடைத்த இடத்துக்குள் எவ்வளவு தண்ணீர் கூடுதலாகப் போகிறது என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். சந்தேகமென்றால் தண்ணீர் விட்டுப் பாருங்கள் என்று மகளே வழி சொல்லி அனுப்பியிருந்தாள்: கூடுதலாகப் போன தண்ணீரை அழுத்தத்தால் பெருக்கி, பாதியாக்கினால் அதுதான் ஆற்றல். ஆனால் அந்தச் சொட்டுத் தண்ணீரை அளக்கப் பட்டறையில் அளவுப் பாத்திரம் இல்லை.

"மாமா, உங்க பையில என்ன எட்டிப் பாக்குது?"

பேரனுக்காக மனைவி வாங்கி வரச் சொன்ன பால் புட்டி. பக்கத்தில் மில்லி கோடுகள் அச்சடித்திருந்தன. அறுபது வரை தண்ணீர் ஊற்றி, பம்பின் உறிஞ்சுகுழாயை அதற்குள் விட்டார்கள். மச்சான் அழுத்தினார். முள் ஏறி நின்றபோது புட்டியில் நாலு மில்லி மிச்சமிருந்தது. ஐம்பத்தாறு உள்ளே போயிருந்தது. பட்டறைச் சுவரில் கரியால் பெருக்கிப் பாதியாக்கினார்கள். நாலாயிரத்து இருநூறு! மகள் போட்ட கணக்கேதான், ஒரு விரற்கடை முன்னே பின்னே.

தண்ணிக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. "எம்பொண்ணுடா!" என்று கையில் கிடைத்த ஸ்பேனரால் உருளையை ஒரு தட்டு தட்டினார். புட்டியை மூன்று தடவை வெந்நீரில் கழுவிப் பைக்குள் வைத்தார்.

"மாமா, பேசாம இதையே கொண்டு போய் மாட்டிடலாமா?"

"ஆறு மாசம் உள்ள போயிட்டா பேரனை உங்கக்காதான் தனியாக் குளிப்பாட்டணும். சும்மா இரு."

திங்கட்கிழமை அட்டையை எடுத்துக்கொண்டு தலைவரைப் பார்த்தார். தலைவர் அட்டையின் ஒரு பக்கத்தைப் பார்த்தார். "குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை. சந்தோஷம்." மறுபக்கத்தைத் திருப்பினார். முகம் சுருங்கியது.

"இது என்ன?"

"கணக்கு சார். சரியான கணக்கு. பட்டறையில தண்ணி விட்டும் பாத்துட்டோம்."

"யாரைக் கேட்டுக் கணக்குப் போட்டீங்க?" தலைவர் எழுந்து நின்றார். நின்றாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. "ஐயா, நீங்க இந்த வாரியத்தைத் தப்பாப் புரிஞ்சு வச்சிருக்கீங்க. கணக்கு சரியா தப்பான்னு பாக்கிறது எங்க வேலை இல்ல. அது பள்ளிக்கூடத்து வேலை. முப்பத்தாறு பேரும் எழுதியிருக்காங்களா, முப்பத்தாறு முத்திரையும் விழுந்திருக்கா, இதைப் பாக்கிறதுதான் எங்க வேலை. தப்பான விடையா இருந்தாலும் முறையா வந்திருந்தா நான் ஏத்துக்குவேன். சரியான விடை முறையில்லாம வந்தா, மன்னிக்கணும், அது எனக்கு வதந்தி."

பேசி முடித்து நாற்காலியில் உட்கார்ந்தார். அது சுழல் நாற்காலி. உட்கார்ந்த வேகத்தில் பாதி சுற்றி, சுவரைப் பார்த்து நின்றது. தலைவர் காலை ஊன்றித் தன்னைத் திருப்பிக்கொண்டார்.

தண்ணிக்காரருக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது.

"ஐயா, அந்த மேடை சுழலும்தானே?"

"சுழலும். ஏன்?"

"பதினேழாம் துண்டுக்கு முன்னால ஆள் இல்ல. மேடையைப் பத்து டிகிரி திருப்பினா அந்தத் துண்டு பதினெட்டாம் மேஜைக்கு முன்னால போயிடும். அவர் முத்திரை குத்தினதும் திருப்பி வச்சிடலாம்."

வாரியத்தின் சரித்திரத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. மூன்று பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. தகட்டைத் திருப்பினால் வாரியம் வளைந்து கொடுத்ததாக அர்த்தமாகுமா என்று ஒரு நாள் முழுக்க விவாதித்தார்கள். வாரியம் வளையவில்லை, தகடுதான் திரும்புகிறது என்று தீர்மானம் நிறைவேறியது. பத்து டிகிரி மட்டும், ஒரே ஒரு தடவை மட்டும், இதை முன்னுதாரணமாகக் கொள்ளக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி வந்தபோது புதன்கிழமை ஆகியிருந்தது. மறுநாள் நர்ஸ் வருகிறாள்.

எல்லோரும் எழுந்து நிற்க, மேடை 'கிரீச்' என்று பத்து டிகிரி திரும்பியது. பதினேழாம் துண்டு பதினெட்டாம் மேஜைக்கு முன்னால் வந்து நின்றது. பதினெட்டு பேனாவைத் திறந்தார். இடது பக்கம் திரும்பினார். அங்கே கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பேனாவை மூடினார். மறுபடி திறந்தார்.

"தண்ணி குடிச்சிட்டு வரேன்," என்று எழுந்தவர், போகிற போக்கில் தண்ணிக்காரரின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஐம்பது வயது மனிதர், அழுதுவிடுவார் போலிருந்தது.

"என்னைக் காட்டிக் கொடுத்துடாதீங்க. நான் பதினேழைப் பாத்துத்தான் எழுதுவேன்."

"அப்ப பதினேழு?"

"அவர் பதினாறைப் பாத்து."

"பதினாறு?"

"பதினஞ்சைப் பாத்து. இப்படியே ஒண்ணு வரைக்கும்."

"ஒண்ணாம் மேஜை யாரைப் பாக்குது?"

பதினெட்டு தலையைக் குனிந்துகொண்டார். "வட்டம் தானுங்களே. ஒண்ணுக்கு இடது பக்கம் முப்பத்தாறு. முந்தின தகட்டுக்கு முப்பத்தாறு எழுதினதை ஒண்ணு பாத்து எழுதிடும்."

தண்ணிக்காரருக்குத் தலை சுற்றியது. "முந்தின தகடு வேற, இது வேற ஆச்சே?"

"இருக்கலாம். எங்களுக்கு என்னங்க தெரியும்? வாரியம் தொடங்கினன்னிக்கு முதல் தகட்டுக்கு யாரோ பாடப் புத்தகத்துல மாதிரிக் கணக்குக்குப் போட்டிருந்த விடையை எழுதினாங்களாம். இருநூத்தி அம்பது. அதுதான் இருபது வருஷமா சுத்திக்கிட்டிருக்கு."

"சரி, பதினாறைக் கேட்டுட்டு அதையே எழுதிட வேண்டியதுதானே?"

"அவரோட பேச்சு கிடையாது. ஃபேன் சுவிட்ச் தகராறு, பதினோரு வருஷம் ஆச்சு. எனக்குக் கிட்டப்பார்வை வேற, அவ்வளவு தூரம் எட்டாது. நம்பர் ஞாபகம் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா பக்கத்து மேஜையைப் பாக்காம எழுதினா அது நானாச் சொன்ன மாதிரி ஆயிடும். நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா என் தலைதானே உருளும்? எதையாவது ஒரு காகிதத்தைப் பாத்து எழுதினாத்தான் கை ஓடும். உங்ககிட்ட ஏதாவது எழுதினது இருக்கா?"

தண்ணிக்காரர் பையில் கைவிட்டு அட்டையை எடுத்து நீட்டினார்.

பதினெட்டு அதை வாங்கிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "இது... கணக்கு போட்டதா?"

"ஆமாங்க."

"ஐயையோ. வெளியில யாருக்கும் தெரியக்கூடாது," என்று சொல்லிவிட்டு, திருட்டுச் சாமான் மாதிரி அட்டையைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டார்.

மண்டபத்துக்குத் திரும்பி, சட்டைக்குள் ஒரு பார்வை பார்த்து, கம்பீரமாக எழுதினார்: நூற்றுப் பதினெட்டு. முத்திரை விழுந்தது. மேடை திரும்பி வந்தது. தன் துண்டுக்கும் நூற்றுப் பதினெட்டு எழுதினார். பத்தொன்பது இடது பக்கம் திரும்பி யோசித்தார், விட்டத்தைப் பார்த்தார், எழுதினார்: நூற்றுப் பதினெட்டு. இருபது, இருபத்தொன்று என்று தடதடவென்று ஓடி, டீ வருவதற்குள் முப்பத்தாறும் முடிந்துவிட்டது.

கூட்டினார்கள். பதினாறு துண்டுக்கு இருநூற்றைம்பது, இருபது துண்டுக்கு நூற்றுப் பதினெட்டு. மொத்தம் ஆறாயிரத்து முந்நூற்று அறுபது. ஒரே தகட்டில் பாதிப் பக்கம் ஒரு கணக்கும் மீதிப் பக்கம் வேறு கணக்குமாக இருந்தது. தலைவர் பதிவேட்டைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தார்.

"இருபது வருஷம்," என்றார் தலைவர், பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு. "இருபது வருஷமா வெளியில என்ன பேசினாங்க? இவங்க எல்லாரும் ஒரே நம்பரை எழுதறாங்க, பாத்துப் பாத்து எழுதறாங்கன்னு பேசினாங்க. இன்னிக்கு என்ன சொல்வாங்க? என் கணக்காளர்கள் சுதந்திரமாச் சிந்திக்கிறாங்க! பத்தொன்பது பேர் பதினாறு பேரோட துணிஞ்சு மாறுபட்டிருக்காங்க! அதுமட்டுமா, மொத்தத்தைப் பாருங்க. கடைசியில முந்நூத்தி அறுபது. வட்டத்துக்கு எத்தனை டிகிரி? முந்நூத்தி அறுபது! இதைவிட ஒரு தகட்டுக்கு என்னய்யா அத்தாட்சி வேணும்?"

கைதட்டல் அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்தாயிரத்துக்குள் இருந்ததால் சான்றிதழ் தயாராயிற்று.

தகடு தள்ளுவண்டியில் திரும்பிய வேகத்தை அந்த வண்டி அதற்கு முன் கண்டதில்லை. வெயில் சாய்வதற்குள் மாமனும் மச்சானுமாக முப்பத்தாறு போல்ட்டையும் முறுக்கினார்கள். பம்பு ஓடியது. மறுநாள் காலை தலைமை நர்ஸ் வந்து, சமையலறைக் குழாயைத் திறந்து, கையை நீட்டினாள். முதலில் காற்று வந்தது, இருமல் வந்தது, கொஞ்சம் துரு வந்தது. பிறகு தண்ணீர் வந்தது. அவள் தண்ணீர் கண்ணாடியாகும்வரை பிடித்துப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டாள். தண்ணிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுதார் என்று மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். குழாய்த் தண்ணீர் தெறித்தது என்று அவர் சொல்கிறார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். கையில் மூன்று சான்றிதழ். ஒன்று ஒரு பேக்கரியின் நீராவிப் பானை மூடிக்கு. உள்ளங்கை அகலம். இன்னொன்று சலவைக் கம்பெனி பாய்லருக்கு. மூன்றாவது ஏதோ ஆலையின் பெரிய தொட்டிக்கு, வண்டிச்சக்கரம் அளவுக்குப் பெரியது. மூன்றிலும் ஒரே எண்: நாலாயிரத்து இருநூற்று நாற்பத்தெட்டு. துண்டுக்கு நூற்றுப் பதினெட்டு. பதினேழு பல்லைப் பிடுங்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பி, வழக்கம்போல் இடது பக்கம் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறாராம்.

"இது நம்ம மூடிக் கணக்கு ஆச்சேடா!" என்றார் தண்ணிக்காரர். "அந்தத் தகடுங்க தாங்குமா?"

"அதெல்லாம் தாங்கும் மாமா. வாரியம் இருக்குங்கற பயத்துலதான் நான் எல்லாத்தையும் ரெண்டு பங்கு கனமாவே வெட்டறது."

தண்ணிக்காரர் எழுந்து போய்ச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த தன் சான்றிதழைப் பார்த்தார். ஆறாயிரத்து முந்நூற்று அறுபது. ஊரில் இனி வரப்போகிற எல்லாத் தகட்டுக்கும் அவருடைய தகட்டின் சரியான கணக்கு. அவருடைய தகட்டுக்கு மட்டும் தப்பான கணக்கு. மனிதர் நேர்மையானவர். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சான்றிதழைக் கழற்றிப் பின்பக்கத்தைப் படித்தார். பிழை திருத்த வேண்டுமென்றால் விண்ணப்பத்துடன் சம்பந்தப்பட்ட தகட்டையும் நேரில் கொண்டுவர வேண்டும் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

குளியலறையிலிருந்து சத்தம் கேட்டது. மகள் பிள்ளையைக் காலில் போட்டு வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தாள். மூன்றரைக் கிலோ, அத்தனையும் குரல்.

"அப்பா, தண்ணி சூடா இருக்கு. அந்தக் குழாயைக் கொஞ்சம் திறந்து விடுங்க."

தண்ணிக்காரர் சான்றிதழைப் பழையபடி ஆணியில் மாட்டினார். கோணலாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டுப் போய்க் குழாயைத் திறந்தார்.